என் பாஸ் கிட்டார் கேட்காமல் போன வருடம்

"சார், எந்த பாஸ் வாங்கலாம்? எந்த ஆம்ப் நல்லது?" என்று மேடையில் வாசிக்கும் உங்களில் ஏழெட்டுப் பேராவது என்னிடம் கேட்டுவிட்டீர்கள். தாம்பரத்தைச் சுற்றியுள்ள மண்டபங்களிலும் கோயில் திடல்களிலும் முப்பது வருடத்துக்கு மேல் மெல்லிசைக் குழுவில், கீழ் ஓசைகளைத் தரும் பாஸ் கிட்டார் வாசித்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். நான்தான் ஒவ்வொரு தடவையும் எதையோ சொல்லி மழுப்பிவிடுகிறேன். ஏன் மழுப்புகிறேன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரே வருடத்தில் நான் இரண்டு பாஸ், ஓசையைப் பெருக்கும் ஆம்ப் ஒன்று, கணக்கில்லாத கம்பிகள், ஒயர்கள் எல்லாம் மாற்றியவன். மாற்றிய சாமான்களில் ஒன்றில்கூடக் கோளாறு இல்லை. போதாக்குறைக்கு, ஒரு நல்ல மனிதனைக் குழுவை விட்டு அனுப்பவும் காரணமானேன். அதில் தவறு செய்தது நானா அவனா என்று கேட்டால், இன்றும் என்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து பதில் சொல்ல முடியாது.

அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது. என்னிடம் இருந்தது பழைய நாலு கம்பி பாஸ். தோளில் மாட்டினால் அரிசி மூட்டையைத் தூக்கியதுபோல இருக்கும். ஆனால் அதன் ஓசை தரையிலிருந்து கிளம்பி வந்து வயிற்றில் உட்காரும். பாஸ் வாசிப்பவனை யாரும் பார்க்க மாட்டார்கள். வாசிப்பதை நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

அந்த பாஸ் திடீரென்று மெலியத் தொடங்கியது. முதலில் கவனித்தது பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விழாவில். அடிக் கம்பியைத் தட்டினால் இடிபோல வரவேண்டியது, தகர டப்பாவைத் தட்டியதுபோல வந்தது. கம்பி பழசாகிவிட்டது என்று நினைத்தேன். புதுக் கம்பி போட்டேன். அடுத்த வாரம் கணீரென்று இருந்தது. சரி, கம்பிதான் என்று நிம்மதியானேன். அதற்கடுத்த வாரம் மறுபடி தகர டப்பா.

ஒயரை மாற்றினேன். உள்ளே பற்றவைத்திருந்த இணைப்புகளை எல்லாம் புதிதாகப் பற்றவைத்தேன். பாட்டரி போட்டு ஓசையைக் கூட்டும் ஐந்து கம்பி பாஸ் ஒன்றை வாங்கினேன். அது முதல் இரண்டு கச்சேரிகளில் சொர்க்கம், மூன்றாவதில் வெறும் கட்டை. அதைத் தள்ளிவிட்டு வேறொரு நாலு கம்பி பாஸ் வாங்கினேன். ஆம்பை மாற்றினேன். நல்ல நாளில் எல்லாமே நன்றாக இருந்தது. கெட்ட நாளில் எதுவுமே எடுபடவில்லை. எந்த நாள் எப்படி அமையும் என்பதற்கு ஒரு கணக்கும் அகப்படவில்லை. மழை நாளா, ஏசி மண்டபமா, ஜெனரேட்டரில் ஓடும் மின்சாரமா என்று ஒரு நோட்டில்கூட எழுதிப் பார்த்தேன். என் மனைவி வசந்தி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஜாதகம் எழுதறீங்களா?" என்று கேட்டாள்.

சாமான் எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள், பூபாலன்.

பூபாலன் எங்கள் குழுவின் ஒலி அமைப்பாளர். கோவளத்து மீனவக் குடும்பம். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போக, இவன் மட்டும் மைக்செட் பக்கம் வந்துவிட்டான். கேளம்பாக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு அதில் ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்திருந்தான். அப்போது நாற்பதை நெருங்கியிருப்பான். கூட்டத்துக்கு நடுவில் மிக்சர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு விசையை விரலால் ஏற்றியும் இறக்கியும் கொண்டிருப்பான். மேடையில் நாங்கள் என்ன வாசித்தாலும், ஜனங்கள் காதில் போய் விழுவது அவன் விரல் அனுமதிப்பதுதான்.

"ஏம்ப்பா, பாஸைக் குறைச்சு வச்சிருக்கியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லண்ணா. ஏத்திதான் கீது. இன்னும் ஏத்துனா ஸ்பீக்கரு கிழிஞ்சிடும்."

"எனக்கு ஒண்ணுமே கேட்கலையே."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "எனக்கு நல்லாத்தான் கேக்குதுண்ணா," என்றான். அந்தப் பார்வையில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. உண்மையிலேயே ஒளிந்துதான் இருந்தது. ஆனால் நான் நினைத்தது அதுவல்ல.

மேடவாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பெரிய மண்டபம், சின்ன மேடை. பின்னால் முழுக்கப் பூ அலங்காரம். என் ஆம்பை வைத்தால் புகைப்படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று அலங்காரம் செய்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆக, பாஸிலிருந்து ஒயர் நேராகப் பூபாலனின் பலகைக்குப் போனது. அவன் அனுப்புவது என் காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் எனக்குத் திரும்பி வரும். மற்றவர்களுக்கும் அவரவர் காலடியில் ஒவ்வொன்று.

சாயங்காலம் சரிபார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. மூன்றாவது பாட்டு தொடங்கும் முன் இடது காதில் பஞ்சை அடைத்ததுபோல ஓர் அழுத்தம். ஏசிக் குளிர் என்று நினைத்தேன். கம்பியைத் தட்டினேன். என் சுருதி இறங்கியிருந்தது. கீபோர்டு ஓரிடத்தில் நிற்கிறது, நான் அதற்குக் கொஞ்சம் கீழே கிடக்கிறேன். புதுக் கம்பி தளர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று பாஸின் தலையில் மாட்டியிருந்த, சுருதி காட்டும் ட்யூனரைப் பார்த்தேன். பச்சை விளக்கு. நாலு கம்பிக்கும் பச்சை. சுருதி சரியாக இருக்கிறது என்கிறது கருவி. இல்லை என்கிறது காது.

எங்கள் குழுத் தலைவர் கீபோர்டு வாசிப்பவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் அழைப்போம். அவர் கையைத் தூக்கி எண்ணத் தொடங்கிவிட்டார். ஒன்று, இரண்டு. முடிவெடுக்க எனக்கு இருந்தது நாலு எண்ணிக்கை நேரம்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? உங்களில் பாதிப் பேர் காதை நம்பு என்பீர்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொடுக்கப்பட்டவன்தான். முப்பது வருடம் சோறு போட்ட காது. சட்டைப் பொத்தான் அளவு பாட்டரியில் ஓடும் கருவியையா நம்புவது? ட்யூனரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். கீபோர்டின் முன்னிசை முடிவதற்குள் நாலு கம்பியையும் காதை வைத்து முறுக்கி ஏற்றினேன். இப்போது கீபோர்டோடு ஒட்டியது. திருப்தியோடு மீதிக் கச்சேரி முழுவதும் வாசித்தேன். பாடகி இரண்டு முறை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நன்றாக வாசிக்கிறேன் என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பாஸை எடுத்து ட்யூனரில் வைத்துப் பார்த்தேன். நாலு கம்பியும் அரை ஸ்வரத்துக்கு மேல் ஏறிக் கிடந்தன. ட்யூனர் கெட்டுவிட்டது என்று தாம்பரம் மார்க்கெட் பக்கம் போய்ப் புது ட்யூனர் வாங்கி வந்தேன். புதியதும் பழையதும் ஒரே பதிலைச் சொல்லின. கட்டை வளைந்துவிட்டதோ என்று பாஸைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வளையவில்லை. தலை சுற்றியது. உண்மையிலேயே சுற்றியது. காப்பி குடிக்காததால் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று மதியம் கல்யாண வீட்டார் நேரலையில் விட்ட வீடியோவை யாரோ எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். அதன் ஒலி மிக்சர் பலகையிலிருந்து நேராக எடுத்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். முதல் இரண்டு பாட்டில் பாஸ் இருந்தது. மூன்றாவது பாட்டில் நாலைந்து தட்டு. அதற்குப் பிறகு இல்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரு தட்டுகூட இல்லை. படத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி ரசித்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் படத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

குரோம்பேட்டையில் மாஸ்டர் வீட்டுக்குப் போய் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு முறை கேட்டார். "மேடையில நானும் கவனிக்கலையே மோகன். என் இடது கை அதே ஸ்வரத்தைத்தான் வாசிச்சுட்டு இருந்தது, அதனால தெரியல போல," என்றார். அது வேறு சுருக்கென்று தைத்தது. பூபாலனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"பூபாலா, மூணாவது பாட்டுலேர்ந்து பாஸைக் கட் பண்ணியா?"

 "ஆமா மாஸ்டர்," என்றான்.

"ஏன்?"

"பண்ட்டேன் மாஸ்டர்."

"காரணம் கேட்கறேன்."

"இன்னாத்த சொல்றது. வுடுங்க மாஸ்டர்."

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த கச்சேரிக்கு வேறு ஆளைப் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார். நான் வெற்றி பெற்றவனைப்போல வீட்டுக்கு வந்தேன். வசந்தியிடம், "ஒத்துக்கிட்டான் பாரு," என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

புது ஒலி அமைப்பாளர் வந்தார். முதல் கச்சேரி, பாஸ் பிரமாதம். இரண்டாவது கச்சேரியில் மறுபடி தகர டப்பா. அவர் என் கண் முன்னாலேயே விசையை முழுக்க ஏற்றிக் காட்டினார். மண்டபத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்வதைப் பார்த்தேன். அதிர்வது தெரிகிறது, ஓசை வரவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. ஆனால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் வீடு சேலையூரில். காலை நேரத்தில் தாம்பரம் ஸ்டேஷன் மின்சார ரயிலின் ஹாரன் காற்றில் மிதந்து வரும். அது இரண்டு ஹாரன் ஒன்றாக அடிப்பதுபோல, ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே, ஒட்டாமல் கேட்கத் தொடங்கியது. "ரயில்ல ஹாரனை மாத்திட்டாங்க போல. கேட்கவே நாராசமா இருக்கு," என்றேன்.

"அதே ஹாரன்தாங்க," என்றாள் வசந்தி.

"இல்லம்மா, ரெண்டா கேட்குது பாரு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுதான் கேட்குது," என்றாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத் தாம்பரம் ரயில்வே நடை மேம்பாலத்தில் ஏறிப் பாதி தூரம் போனபோது, பாலம் அப்படியே பக்கவாட்டில் கவிழ்ந்தது. கவிழவில்லை, எனக்குத்தான் கவிழ்ந்தது. கம்பியைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். ஜனங்கள் என்னைச் சுற்றிச் சுழன்றார்கள். குடித்துவிட்டு விழுந்துகிடக்கிறான் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. படிக்கட்டில் பூ விற்கும் அம்மா ஒருவர்தான் வந்து முகத்தில் தண்ணீர் தெளித்து, என் போனை வாங்கி வசந்தியைக் கூப்பிட்டார்.

மறுநாள் காது டாக்டர். கேட்கும் திறனைப் பரிசோதிக்கக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். ஓசை கேட்டால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஓர் இளம்பெண் கருவியை இயக்கிக்கொண்டிருந்தார். கீச்சென்ற ஓசைகளை எல்லாம் பிடித்துவிட்டேன். இசைக்காரன் காது என்று மனதுக்குள் ஒரு மிதப்பு. பிறகு நீண்ட அமைதி. காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆனதும் கண்ணாடியைத் தட்டி, "மேடம், அடுத்தது ஆரம்பிக்கலையா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை, பூபாலன் அன்று பார்த்த அதே பார்வை. "கீழ் ஓசை எல்லாம் போட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன்," என்றார்.

உள்காதில் நீர் ஏறி இறங்கும் நோய் என்று டாக்டர் விளக்கினார். நீர் ஏறும் நாளில் கீழ் ஓசைகள் மறையும், இறங்கினால் திரும்பிவிடும். இடது காதில் அதிகம், வலது காதிலும் தொடங்கியிருக்கிறது. சில நாட்களில் ஒரே ஓசை வேறு சுருதியில்கூடக் கேட்கும். உப்பைக் குறையுங்கள், மாத்திரை தருகிறேன், முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது. "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கடைசியாகக் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு என் காதைப் பற்றிய நினைப்பே வரவில்லை. பூபாலன்தான் நினைவில் வந்தான். ஒரு குற்றமும் செய்யாதவனை நான் அனுப்பிவிட்டேன். என் காதில் கோளாறை வைத்துக்கொண்டு அவன் விரலைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வீடியோ? அதை என் காது கேட்டது மட்டுமில்லை, மாஸ்டரும் கேட்டார். பூபாலனே ஒத்துக்கொண்டான். அப்படியானால் அவன் செய்தான். ஆனால் என் காதிலும் கோளாறு. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? அந்த இரவு முழுவதும் இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்து, விடியும்போது ஒன்றை மட்டும் முடிவு செய்தேன். என்னவாக இருந்தாலும் போய் மன்னிப்புக் கேட்பது.

வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் பஸ். ஓட்டக்கூடாது என்று வண்டிச் சாவியை வசந்தி வாங்கி வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கொட்டகையில் பூபாலன் ஒரு ஸ்பீக்கரைக் குப்புறப் போட்டு, கிழிந்த காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வாண்ணா. இன்னா திடீர்னு? டீ சொல்லட்டா?"

மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோனது. டாக்டர் கொடுத்த காதுப் பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டினேன். "எனக்குக் காது கெட்டுப்போச்சு பூபாலா. நீ ஒண்ணும் பண்ணல. என் காதுலதான் எல்லாம். நான் உன்மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுடு," என்றேன்.

அவன் சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தான். அதில் இருந்த கோடுகள் அவனுக்குப் புரிந்தன என்று நினைக்கிறேன். ஓசையைக் கோடாகப் பார்த்தே பழகியவன்.

"நான் கட் பண்ணது நெசம்தாண்ணா," என்றான்.

"என்ன?"

"அன்னிக்கு மூணாவது பாட்டு. நாலு தட்டுதான் தட்டுன. எனக்கு முதுகு ஜில்லுன்னு ஆயிடுச்சு. சுருதி எங்கியோ கீது, நீ எங்கியோ கீற. பாட்ற அக்கா தடுமாறிப் போயி உன்னத் திரும்பிப் பாத்தாங்க. மேடைக்கு ஓடியாந்து சொல்லலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள மாப்பிள வூட்டுக்காரங்க முன்வரிசைல திரும்பிப் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. இன்னா பண்றதுன்னு தெரியல. கொறச்சிட்டேன். உன் காலாண்ட இருக்கற ஸ்பீக்கர்ல மட்டும் வுட்டு வெச்சேன். அதயும் எடுத்தா நீ பதறிடுவ."

வரும்போது நான் கொண்டுவந்த மன்னிப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. "அதுக்கு முன்னாடி?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு தபா கொஞ்சம் கொறச்சேன். கேக்கல கேக்கலன்னு ஆம்ப நீ ஏத்திக்கினே போனியா, வெளிய ஒரே இரைச்சலு. எப்பவோ புரிஞ்சு போச்சுண்ணா எனக்கு."

"மாஸ்டர் கேட்டப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா உன்ன அனுப்பிடுவாரு. எனக்கு இன்னா, கோயிலு, மீட்டிங்கு, காதுகுத்துன்னு மைக்செட்டு ஓடிக்கினே இருக்கும். அம்பத்தஞ்சு வயசுல காது போன பாஸ்காரன எவன் கூப்புடுவான்?"

நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவன் எழுந்து நின்று கத்தினேன். "எனக்காகப் பாவம் பார்க்க நீ யாரு? கண்ணை மூடிக்கிட்டு ஊமைக் கிட்டாரை வாசிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்! ஐந்நூறு பேர் முன்னாடி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த நாளே டாக்டர்கிட்ட போயிருப்பேனே!"

"போயிருப்பியா?" என்று கேட்டான். குரலை உயர்த்தவே இல்லை. "நான் சொல்லியிருந்தா, உன் மைக்செட்டுதான் டப்பான்னு சொல்லியிருப்ப. சொல்லிக்கினுதான இருந்த?"

ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அவன் சொன்னது நிஜம். நான் கத்தியதும் நிஜம்.

"எனக்கும் தெரியலண்ணா," என்றான் பூபாலன். பசை ஒட்டிய விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "கொறச்சது தப்பா, சொல்லாம வுட்டது தப்பா? வூட்ல பொண்டாட்டிகிட்ட கேட்டேன், ரெண்டும்தான்னா. நீ சொல்லு."

 இரண்டு பேரும் டீ குடித்தோம். பிறகு அதே பஸ்ஸில் அவனையும் ஏற்றிக்கொண்டு குரோம்பேட்டைக்குப் போனேன்.

மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் என் இடம் போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். மேடையில் ஏறும் தொழிலில் இருக்கும் உங்களுக்கு அந்தத் தயக்கம் புரியும்.   நான் முடித்ததும் மாஸ்டர் பூபாலனிடம், "காரணம் கேட்டேனே தவிர, நேர்ல கூப்பிட்டுக் கேட்கல. என் தப்பு," என்றார். என் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரம் கூடுவாஞ்சேரியில ரிசப்ஷன் ஒத்துக்கிட்டிருக்கேன் மோகன். பாஸுக்கு வேற ஆள் பார்க்கவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

பார்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாருங்கள் என்று சொல்லவும் வரவில்லை. பூபாலன்தான் சொன்னான். "அண்ணன் கைய மட்டும் பாத்துக்கட்டும் மாஸ்டர். காத நான் பாத்துக்கறேன்."

மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டோம். சுருதி சேர்ப்பது ட்யூனரை வைத்து மட்டும். காது என்ன சொன்னாலும் மேடையில் கம்பியை முறுக்கக் கூடாது. வாசிப்பு கெட்டால் பூபாலன் குறைப்பான். குறைத்தால் கச்சேரி முடிந்த உடனே என் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

கூடுவாஞ்சேரிக்கு என் பழைய பாஸையே எடுத்துப் போனேன். அன்று காலையிலிருந்தே காது அடைத்திருந்தது. இரண்டு காதும். மாத்திரை போட்டும் இறங்கவில்லை. மேடையில் ஏறியபோது பாடகியின் குரல் கேட்டது, கீபோர்டின் மேல் ஸ்வரங்கள் கேட்டன, தாள வாத்தியக்காரரின் ஜால்ரா கேட்டது. என் பாஸ் கேட்கவில்லை. துளிகூட. முதல் பாட்டு தொடங்கும்போது, கேட்காத கம்பி சுருதி இறங்கித்தான் கிடக்கும் என்று மனம் அடம்பிடித்தது. பச்சை விளக்கைப் பார்த்தேன். கை தானாக முறுக்காணிக்குப் போனது. அதை இழுத்துக்கொண்டு வந்து கம்பியில் வைத்தேன். நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

பிறகு டிரம்ஸ்காரர் பெரிய டிரம்மை அடிக்க மிதிக்கும் வலது காலையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். அவர் கால் இறங்கும்போது என் விரல். கட்டையில் உள்ள புள்ளிகளைப் பார்த்து இடது கை. பாஸின் முதுகு என் விலாவில் பட்டு லேசாக அதிர்ந்தது. எனக்குக் கிடைத்த தகவல் அது ஒன்றுதான். எதிரே சின்னப் பெண்கள் ஆடினார்கள், மாமாக்கள் ஆடினார்கள். அவர்கள் ஆடுவது என் பாஸுக்கா, பாஸ் இல்லாத பாட்டுக்கா என்று எனக்குத் தெரியாது. கூட்டத்துக்கு நடுவில் பூபாலனின் தலை மட்டும் தெரிந்தது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் நேராக அவனிடம் போனேன். "இன்னிக்கு?"

"ஒரு தபா கூட கை வெக்கலண்ணா. முழுசா இருந்துச்சு."

நம்புவதா வேண்டாமா? என்னைக் காப்பாற்றுவதற்காக ஏற்கனவே ஒருமுறை பேசாமல் இருந்தவன். அவன் முகத்தையே பார்த்தேன். ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். முழுக் கச்சேரியையும் பதிவு செய்திருப்பதாகவும் போனில் அனுப்புவதாகவும் சொன்னான்.

அனுப்பினான். ஆனால் காது அடைத்துக் கிடந்ததால் மூன்று நாள் அதைத் தொடவில்லை. நாலாவது நாள் காலை தண்ணீர் மோட்டாரின் உறுமல் தரையிலிருந்து கனமாக எழுந்து வந்தது. காது திறந்திருக்கிறது. கையில் இருந்த தோசைக்கரண்டியை வசந்தியிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஹெட்போனை மாட்டினேன். பாஸ் இருந்தது. முதல் பாட்டிலிருந்தே, தடிமனாக, சுருதி பிசகாமல் இருந்தது. கேட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாவது பாட்டில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், ஒரு கட்டம் தள்ளி விரலை வைத்துவிட்டிருக்கிறேன். இரண்டு தட்டு, பச்சையான தவறு. யார் கேட்டாலும் முகத்தைச் சுளிப்பார்கள்.

உடனே பூபாலனுக்குப் போன் போட்டேன். பின்னால் கடற்கரை இரைச்சல். ஏதோ ஊர்த் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தான்.

"அஞ்சாவது பாட்டுல தப்பு பண்ணியிருக்கேன்டா. அப்பட்டமா கேட்குது. அதை ஏன் குறைக்கல?"

"கேட்டியா?" என்று சிரித்தான். "அது காது பண்ண தப்பு இல்லண்ணா. நீ பண்ண தப்பு. அத நான் எதுக்கு மறைக்கணும்?"